திங்கள் மஞ்சள், செவ்வாய் பச்சை

இடது கை ஒரு குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறது. வலது கைக் கட்டைவிரலால் சரிதா ஒரு புகைப்படத்தை அழிக்கிறாள். யாரோ அனுப்பிய படம். தேயிலைக்கு நடுவே இடுப்பளவு பனியில் யானை, பக்கத்தில் குட்டி. நல்ல படம்தான். அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வரி தட்டுகிறாள்: "ஓடைப் பாதையில் இரண்டு, குட்டியோடு. பார்த்தவர் கந்தன், மத்தியானம்."

வாசலில் கூடையோடு ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள்.

"சமையல்ல இன்னிக்கு என்னாக்கா?"

"ஓடையில ரெண்டு. குட்டி இருக்கு."

"அப்ப நாளைக்கு ரோட்டு வழிதான்."

"ஆமா. மெதுவாப் பேசு, இப்பத்தான் கண்ண மூடிச்சு."

கூடலூர் பக்கம் சேரங்கோடு தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கி மேடேறிப் போக வேண்டிய தோட்டம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் அறையைப் 'பிள்ளைக் காம்பரா' என்கிறார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல். சரிதா இங்கே பிறந்தவள். கடலைப் பார்த்ததில்லை. ஆனால் காம்பரா என்றுதான் சொல்வாள், வரிசை வீடுகளை லயம் என்றும், தேயிலைக் காட்டை மலை என்றும். காம்பராவில் தொட்டில் கட்டுவது, பால் காய்ச்சுவது, மூக்குத் துடைப்பது அவள் வேலை. பிள்ளைகள் தூங்கும் நேரம் அவளுக்கு இணையத்தின் நேரம். கணினி கிடையாது. எல்லாம் கைப்பேசியில், ஒரு விரலால்.

'சரிதாவின் சமையலறை' என்ற வலைப்பூவை அவள் தொடங்கியபோது அதில் யானை இல்லை. தேங்காய் ரொட்டி இருந்தது, கட்டச் சம்பல் இருந்தது, மாசிக் கருவாடு கிடைக்காத ஊரில் அதற்குப் பதில் என்ன போடலாம் என்ற நீண்ட யோசனை இருந்தது. கல்யாணத்துக்கு முன் கூடலூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், பொங்கலுக்கு வருவான். சாயங்காலங்கள் நீளமாக இருந்தன, எழுதினாள். ஒரு நாள் சம்பல் குறிப்பின் அடியில், நாளைக்கு ஏழாம் நம்பர் மலைப் பக்கம் யாரும் தனியாகப் போக வேண்டாம், யானை நிற்கிறது என்று ஒரு வரி சேர்த்தாள். அதுவரை சமையலைப் பார்க்காதவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அடுத்த வாரம் அந்த வரி மேலே ஏறியது. சம்பல் கீழே போனது, பிறகு காணாமல் போனது. பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் முகவரி மாறும், பழகியவர்கள் தேடி அலைவார்கள் என்கிறாள். அதனால் இந்தத் தோட்டத்தில் "சமையல்ல யானை எங்க நிக்குது?" என்று கேட்டால் யாரும் சிரிப்பதில்லை.

வாட்ஸப் குழு இருக்கிறதே என்று, அவளைப் பற்றி எழுதப் போயிருந்த நான் கேட்டேன்.

"இருக்கு. காலையில குட்மார்னிங்கு, அதுக்கு மேல ரோசாப்பூ, அதுக்கு மேல எந்த ஊரு யானையோ லாரியத் தள்ளுற வீடியோ. எங்க யானைய அதுக்கு அடியில தோண்டி எடுக்கணும்."

யானை எங்கே என்று அவளுக்குச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். பிள்ளையை விட வரும்போது ஒருத்தி சொல்வாள், எடுக்க வரும்போது இன்னொருத்தி. ஜீப் ஓட்டுகிற சந்துரு போகிற வழியில் வண்டியை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போவான். யார் கண்ணால் பார்த்தது என்று கேட்பாள். "பாத்தாங்களாம்" என்று வருகிற யானைக்கு வலைப்பூவில் இடம் கிடையாது.

பக்கத்தை வடிவமைப்பதில் அவளுக்குப் பிடிவாதங்கள் உண்டு. படம் கூடாது. எதுவும் ஓடவோ மின்னவோ கூடாது. எழுத்து பெரிதாக, கறுப்பாக, மழைத்துளி விழுந்த திரையிலும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். முக்கியமானது முதல் வரியில். 'மேலும் படிக்க' என்ற ஒன்றை அவள் வெறுக்கிறாள். "கொழுந்துக் கறை புடிச்சு வெடிச்ச வெரலு. தொட்டா போனுக்குத் தெரியாது. இங்க தொடு, அங்க தொடுன்னு சொன்னா யாருக்கு ஏலும்?" எதை மாற்றினாலும் லயத்தில் இருப்பதிலேயே மோசமான கைப்பேசியைக் கடன் வாங்கி அதில் திறந்து பார்ப்பாள். தன் கைப்பேசியில் அழகாகத் தெரிவது அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

இதையெல்லாம் ஒரு மழை நாளில் 'வலைப்பூ வைத்திருப்பவர்களுக்கு' என்று எழுதிப் போட்டாள். எப்படியோ சுற்றி வெளியூர்களுக்குப் போயிருக்கிறது. குன்னூரில் ஜெபிஷா என்றொரு ஆசிரியை, கவிதைக்கு வலைப்பூ வைத்திருப்பவர், அவ்வப்போது அழைத்து ஆலோசனை கேட்கிறார். நான் இருந்தபோதும் அழைத்தார். சரிதா தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வெளியே வந்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஏனுங்க சரிதா, பக்கத்தத் தொறந்ததும் மூடிப்போட்டுப் போயிடறாங்க. ஒருத்தருங்கூட கவிதை வரைக்கும் வர்றதில்லீங்க."

"அந்தப் பூவ நிப்பாட்டுங்க டீச்சர்."

"எந்தப் பூவுங்க?"

"மேலருந்து விழுந்துக்கிட்டே இருக்கே, அது."

"அது அழகுக்குத்தானுங்களே."

"அழகுதான் டீச்சர். பூ விழுந்து முடியிற வரைக்கும் கவிதை வரல. எங்க ஊர்ல அதுக்குள்ள பெரட்டுக்குக் கூப்பிட்டுருவாங்க."

பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடம், நேரம் இரண்டும். பாதிப் பூவாவது விழட்டுமே என்றார் ஜெபிஷா டீச்சர். சரிதா சிரித்துவிட்டாள்.

தோட்டத்தில் சிக்னல் ஒரே இடத்தில்தான் உருப்படியாகக் கிடைக்கும். காம்பராவை ஒட்டிய தண்ணீர்த் தொட்டி மேடு. வேலை முடிந்து இறங்குகிறவர்கள் அங்கே நின்று சமையலறையைத் திறப்பார்கள். திறந்த பக்கத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போவார்கள். லயத்தில் சிக்னல் இல்லை. காலையில் கிளம்பும்போது, மேட்டில் எடுத்து வந்த அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் பிடித்து வந்து வைத்துக்கொள்வது போல.

இதில் என்ன கோளாறு வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. சரிதாவும் யோசிக்கவில்லை. ஆனி மாத மழையில் ஒரு சாயங்காலம் கீழ் லயத்து எல்லப்பன் மேட்டில் நிற்காமல் இறங்கிவிட்டார். காலையில் கைப்பேசியைத் திறந்தார். 'ஓடைப் பாதை காலி' என்றிருந்தது. அது முந்தின நாளுக்கான பக்கம். ஓடைப் பாதையில் போனார். திருப்பத்தில் யானை நின்றது. ஓடி, கான் என்கிற வடிகால் ஓரம் சறுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு விட்டுப்போனது. யானை அவரைத் தொடவில்லை.

அவர் மனைவி தெய்வம்மா மறுநாள் காம்பரா வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"காலின்னு எழுதினியேடி. எது காலி? எங்க வீடா?"

சரிதா ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லப்பனின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் தேதி இருந்தது. கடைசியில், சின்ன எழுத்தில், எல்லா வலைப்பூவிலும் இருப்பது போல. "தேதி போட்டிருந்தேன்னு அங்க நின்னு என்னால சொல்ல முடியல" என்கிறாள். "இடுப்பு ஒடிஞ்ச மனுசன் முன்னாடி அது ஒரு பதிலா?"

சில நாள் எதுவும் எழுதவில்லை. பெண்கள் மேட்டில் நின்று வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்தின் பிரதியைக் கைப்பேசி தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டளை எழுதினாள். பழைய செய்தி இனி யாரிடமும் இருக்காது. மறுநாள் காலையில் லயம் முழுக்க வெள்ளைத் திரை. சிக்னல் இல்லாத இடத்தில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. "சமையல் காணாமப் போச்சு" என்று பிள்ளைகளை விட வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கட்டளையை எடுத்துவிட்டாள்.

பிரதி இருக்க வேண்டும், பழையதென்றால் பார்த்ததும் தெரியவும் வேண்டும். காம்பராவில் தரையில் கிடந்த நிறக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது என்கிறாள். அன்றிலிருந்து பக்கம் முழுக்க ஒரே நிறம். திங்கட்கிழமைக் காலைக்கான பக்கம் மஞ்சள். செவ்வாய் பச்சை, புதன் ஆரஞ்சு. வியாழனுக்கு முதலில் சிவப்பு வைத்திருந்தாள். காவல் வேலை பார்க்கிற கந்தன் கைப்பேசியைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "செவ்வாயும் வியாழனும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது புள்ள. கண்ணு அப்படி" என்றார். சிவப்பு நீலமானது. எதற்கும் இருக்கட்டும் என்று மேலே கிழமையின் பெயரையும் பெரிதாகப் போட்டாள். படிக்கத் தெரியாதவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், நிறம் குழம்புகிறவர்கள் எழுத்தைப் பார்க்கிறார்கள்.

தெய்வம்மா இரண்டையும் பார்ப்பதில்லை. எல்லப்பன் இப்போது வீட்டில் படுத்திருக்கிறார். அவரை எழுப்பி உட்காரவைத்து, துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுக் கிளம்ப அவளுக்கு நேரமாகிவிடுகிறது. தார் ரோடு சுற்று. ஓடைப் பாதையில் வந்தால் பெரட்டுக்குச் சரியாக வந்துவிடலாம். தினமும் அதில்தான் வருகிறாள், தனியாக. யானை எங்கே நின்றாலும். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் சரிதாவுக்குப் பயம்.

ஓடையில் குட்டியோடு இரண்டு நிற்கின்றன என்று சரிதா எழுதிய அந்தப் புதன்கிழமை சாயங்காலம் மேட்டில் கூட்டமாக இருந்தது. ஒவ்வொரு கையிலும் வியாழனுக்கான ஒரு நீலச் சதுரம். தெய்வம்மா நிற்காமல் கடந்தாள். சரிதா இடுப்பில் ஒரு பிள்ளையோடு பாதைக்கு இறங்கினாள்.

"அக்கா, ஓடையில நிக்குது. குட்டி வேற."

"எவ சொன்னா?"

"கந்தன் மாமா பாத்திருக்காரு."

"அப்ப கந்தன் வந்து சொல்லட்டும். ஒன் போன் சொன்னதக் கேட்டு ஒரு ஆளு படுத்திருக்கிறது போதும்."

கூட்டத்தில் ஒருத்தி, "இப்பத்தான் கலர் போட்டிருக்கால்ல, ஒருக்காப் பாருங்களேன்" என்றாள்.

"கலரா? சேலைக்குப் பாக்குற கலர யானைக்குப் பாக்குறாளாம். ஜாக்கெட்டும் மேட்சிங்கா எடுத்துக் குடு, யானைக்கு."

இரண்டு பேர் சிரித்தார்கள். சரிதா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. இடுப்பில் இருந்த பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"திட்டிக்கங்க அக்கா. நல்லாத் திட்டிட்டு ரோட்டு வழியாப் போங்க."

தெய்வம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே இறங்கியதும் நின்று செருப்பைச் சரி செய்தாள். அதற்குக் கொஞ்சம் கூடவே நேரமானது. பிறகு பனியில் இறங்கிப் போனாள். சரிதா காம்பராவுக்குள் வந்து, தூங்கி எழுந்த பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டாள்.

மறுநாள் வியாழன். மழை தூறிக்கொண்டிருந்தது. பெரட்டில் ஆள் கூப்பிட்டு முடிக்கிற நேரத்தில் தெய்வம்மா தார் ரோட்டு வழியாக வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்ன இவ்வளவு நேரம் என்று மேஸ்திரி சத்தம் போட்டார். அவள் வரிசையில் போய் நின்றாள். வேலை பிரித்தார்கள். ரேச்சல் என்று ஒரு பெண், தற்காலிக வேலைக்கு வந்தவள், தன் மலைக்குப் போக ஓடைப் பாதையில் இறங்கினாள். இறங்கியபடியே கைப்பேசியைப் பார்த்தாள். திரை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. தெய்வம்மா பின்னாலிருந்து அவள் கூடைக் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்துக் கலரு புள்ள அது. மேட்டுக்குப் போயி எடுத்திட்டு வா."

ரேச்சல் மேட்டுக்குப் போனாள். தெய்வம்மா அவள் திரும்பி வரும் வரை பாதையை மறித்தாற்போல் அங்கேயே நின்றாள். காம்பராவில் சரிதா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பெரட்டுக் களம் தெரியாது.