ஒரிஜினலோடு பிச்சாவரம் போன கதை

2009 ஜூலை, ஒரு வியாழக்கிழமை. காலை 6.20. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் பதினாறு ரூபாய். வழியனுப்ப வந்த அக்கா வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மச்சான், புள்ளைங்கள காட்டுக்கு இட்டும்போயி மரம் மட்டைய காட்டறதுக்குச் சம்பளமாம். எவனாச்சும் குடுப்பானா? ஒரிஜினல மட்டும் கைய விட்டு எறக்காத."

"சரிங்க மாமா."

அவர் சொல்லாவிட்டாலும் விட்டிருக்க மாட்டேன். போன வருஷம் சென்னையில் ஒரு கம்பெனி என் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு நாலு மாதம் நாயாய் அலையவிட்டது. அன்றிலிருந்து ஆளைப் பார்த்தாலே சந்தேகம். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் மாமாவின் சிமெண்டுக் கடைதான் கதி. அந்த வயிற்றெரிச்சலில் ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் எப்போது போயின என்றே தெரியவில்லை.

7.50. சிதம்பரம். நாலு இட்லி, ஒரு காபி, பதினெட்டு ரூபாய். கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் டவுன் பஸ் எட்டரைக்கு வந்தது. பதினைந்து கிலோமீட்டரை ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்த இயற்கை முகாமைப் பற்றி நடத்துனரிடம் துருவினேன்.

"ஸ்கூல் புள்ளைங்க வருது, போவுது. அவுங்க யாரு என்னான்னு நமக்குத் தெரியாதுங்க."

போதாதா எனக்கு!

9.30. முகாம் என்பது படகுத்துறைக்குப் பக்கத்தில் இரண்டு கீற்றுக் கொட்டகை. பெயர்ப்பலகைகூடத் துணியில்தான். சரிதான், ராத்திரியோடு ராத்திரியாகச் சுருட்டிக்கொண்டு போக வசதி என்று நினைத்துக்கொண்டேன். பொறுப்பாளர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

"ஃபைல மேசையில வச்சிட்டு வாங்க தம்பி. புள்ளைங்கள போட்டுல இட்டும்போயி காட்ட சுத்திக் காட்டுங்க. அதான் இன்டர்வியூ."

வந்துவிட்டது பார்த்தீர்களா!

"இருக்கட்டும் மேடம், கையிலயே வச்சிக்கறேன்."

"நனைஞ்சிடும்ங்க."

"பரவால்லீங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

10.15. துடுப்புப் படகில் ஆறு பிள்ளைகள், படகோட்டி, அந்த அம்மா, நான். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். வாய்க்கால் குறுகக் குறுக இருபுறமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீரில் காலூன்றி நின்றன. கரை மேட்டில் தில்லை மரங்கள். "இந்த மரத்துப் பாலு கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது, தொடாதீங்க" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அப்போது என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த சிறுமி வேரில் ஒரு நண்டைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்து அதைப் பிடிக்கச் சாய்ந்தாள். படகு ஆடியது. நான் இரண்டு கைகளாலும் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். எதிரில் இருந்த படகோட்டிதான் துடுப்பைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவளை இழுத்து உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகு நான் மரம் எதையும் காட்டவில்லை.

11.40. கரையேறியதும் அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நல்லாதான் பேசறீங்க தம்பி. ஆனா ஒங்கள நம்பி புள்ளைங்கள அனுப்ப முடியாதுங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

குரலில் கோபம்கூட இல்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. சாப்பிடாமலே பஸ்ஸுக்கு வந்து நின்றேன். அந்தச் சிறுமி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அண்ணா, அதுல என்னா இருக்கு? அவ்ளோ பத்திரமா வச்சிருந்தீங்களே?"

திறந்து காட்டினேன். முதல் தாளாக இருந்தது, தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றும் பயிற்சியில் நான் முதல் வகுப்பில் தேறிய சான்றிதழ்.