இடது புருவத்துத் தழும்பு

1. வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவருடைய கொழுந்தனும் தஞ்சாவூரில் இருக்கும் என் பிரிண்டிங் கடைக்குக் காலையிலேயே வந்தார்கள்.
2. கடலுக்குப் போன கணவர் பதினோரு நாளாகத் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியிருந்தது.
3. துறைமுகம் துறைமுகமாகத் தேடப் போகிறவர்கள் போட்டுக்கொள்ள, அவர் முகத்தோடு முப்பது வெள்ளை டி-ஷர்ட் கேட்டார்கள். ஒட்டிய நோட்டீஸெல்லாம் மழையில் கரைந்துவிட்டனவாம்.
4. கையில் ஒரே ஒரு போட்டோதான், அதிலும் முகத்தின் குறுக்கே மடிப்பு. மற்றவை அவர் போனில் இருந்தன. போன் அவரோடு போய்விட்டது.
5. மடிப்பைக் கணினியில் அழித்தேன். அதன் மேலேயே கிடந்த தழும்பையும் சேர்த்து அழித்துவிட்டேன்.

ஐந்தாவது எனக்கு உடனே தெரியவில்லை.

இருப்பது ஒரே கறுப்பு மை. முகத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் புள்ளிகளாக உடைத்து, வலைத்துணி வழியாக அந்த மையை இறக்க வேண்டும். பெரிய புள்ளி நிழல், சின்னப் புள்ளி வெளிச்சம். பருத்தித் துணி மையை உறிஞ்சும்போது புள்ளிகள் ஊதிவிடும். மாநிற முகம் கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் முன்கூட்டியே வெளுக்க வைப்போம். எவ்வளவு என்று எனக்குக் கணக்குத் தெரியும், படித்த படிப்பே அதுதான். ஆனால் கல்யாணம், காதுகுத்து என்று வருகிறவர்கள் எல்லாரும் "கொஞ்சம் கலரா காட்டுங்க" என்று கேட்டுக் கேட்டு என் கை கணக்கைத் தாண்டப் பழகியிருந்தது. அன்றும் தாண்டியது.

அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பன்னிரண்டு சட்டை முடிந்திருந்தது. கொழுந்தன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "அண்ணி, இதப் பாத்தா அண்ணன் திரும்பப் பொண்ணு பாக்கக் கிளம்பிடும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அழகாத்தான் இருக்காரு. ஆனா இவரு யாரு, தங்கச்சி?"

இடது புருவத்தில் விரலை வைத்தார். "இங்க ஒரு வெட்டு இருக்கும். தூண்டி முள்ளு கிழிச்சது. அதை வச்சுத்தான் அவரைக் கண்டுபிடிக்கணும்."

"மடிப்புன்னு நெனச்சுட்டேன்க்கா."

புதிதாக வலைச் சட்டம் தயாரிக்க நேரமில்லை. அந்த ஈரக் காற்றில், படம் பதிய வலையில் பூசும் மருந்து காயவே அரை நாள் ஆகும். தேடப் போகும் வேன் மறுநாள் விடியலில் கிளம்புகிறது. வலையில் ஓட்டை அடைக்கும் பசையைத் தூரிகையில் தொட்டு, அவர் காட்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். அங்கே மை இறங்காது. மீதிப் பதினெட்டிலும் தழும்பு வந்தது. வெளுத்த முகம் வெளுத்தபடியே இருந்தது.

துணியில் இறங்கிய மையைத் திரும்ப எடுக்க முடியாது. பன்னிரண்டையும் ஒதுக்கி வைத்தேன்.

"முப்பது பேரு போறோம் மேடம். பன்னண்டு பேரு மொகமில்லாமப் போறதா? இதையும் கட்டுங்க," என்றார் கொழுந்தன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.

சில நாள் கழித்துக் கேரளாவில் ஒரு துறைமுகத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சட்டையில் இருக்கும் ஆள் இங்கே ஐஸ் உடைக்கிறார், பேச்சு கொஞ்சம் தடுமாற்றம், வந்து பாருங்கள் என்று. இரண்டு பஸ், ஒரு ரயில் மாறிப் போயிருக்கிறார். அங்கிருந்தே என்னிடம் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"நீங்க அடிச்ச ஆளு கெடைச்சுட்டாரு, தங்கச்சி. அதே கலரு, அதே மொகம். புருவத்துல ஒண்ணுமில்ல. எங்க ஆளத்தான் காணும்."

தழும்பில்லாத சட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஏழு வந்தன. ஐந்து யாரிடம் இருக்கின்றன என்று தெரியவில்லை. அவருடைய கணவர் இன்னும் கிடைக்கவில்லை.