பாலப்பழத்துக்காக ஏறிய மரம்

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தேன். வீட்டில் மூன்றே பேர். நூல் மில்லில் பிட்டராக இருந்த என் கணவர், அவருடைய அக்கா, நான். அந்த அக்காவை நான் மதினி என்பேன்; அவருக்கும் அதே மில்லில்தான் வேலை. புருஷனைப் பிரிந்து வந்து தம்பியோடு இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, அடுப்பங்கரையிலேயே தட்டைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் எனக்கு மசக்கை. பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. கணவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ப் பால்கோவா வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே அந்த நெய் வாசனைக்கு முற்றத்துக்கு ஓடினேன். பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்றால் அம்மா இல்லை. அண்ணன் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போயிருந்தான்.

"எதைத் திங்கணும் போலத்தான் இருக்கு உனக்கு?" என்று கேட்டார் கணவர்.

யோசிக்காமலே "பாலப்பழம்" என்றேன். எங்கள் ஊர் தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவார ஓடைக்கரையில் பாலைமரங்கள் உண்டு. மஞ்சளாக, சுண்டுவிரல் நுனியளவு பழம். கடித்தால் தேன் மாதிரி இனிக்கும், கூடவே பால் கசிந்து உதடு ஒட்டிக்கொள்ளும். டவுனில் வளர்ந்த அவர் அதைப் பார்த்ததே இல்லை. நான் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக் கிளம்பியவர், மத்தியானம் பை நிறையக் கொண்டுவந்தார்.

"இந்தா, மம்சாபுரம் போற வழியில மரத்தடில அம்புட்டு கெடக்கு!"

மதினி பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"ஏலே, இது வேப்பம்பழம்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும் முன் அழுகையும் வந்துவிட்டது. மதினி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினிக்கு லீவு. காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"மரம் எங்க நிக்குன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும் மதினி."

"அப்ப வா. மெதுவா நடந்தாப் போதும்."

பஸ்ஸில் போய்த் தேவதானத்தில் இறங்கி, வயல் வரப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தோம். மலையிலிருந்து சாரல் காற்று வந்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மரம் அங்கேயேதான் நின்றது. ஆனால் உதிர்ந்த பழத்தையெல்லாம் எறும்பு மொய்த்திருந்தது. நல்ல பழமெல்லாம் உச்சியில்.

"பழம் பழுத்தா கரடி எறங்கும்னு சொல்லுவாக மதினி."

"வந்தா அதுக்கும் ரெண்டு போடுவோம். நீ முந்தானைய விரிச்சுப் பிடி."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினார். கவட்டையில் கால் ஊன்றி, கிளையைப் பிடித்து உலுக்கினார். என் முந்தானையில் மஞ்சள் மஞ்சளாக விழுந்தது.

நின்றபடியே தின்ன ஆரம்பித்தேன். குமட்டவில்லை. மறுபடி ஒரு கை அள்ளினேன். இறங்கி வந்த மதினி வேரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு தங்குச்சு. அப்ப வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல. என்ன வேணும்னு கேக்க அந்த வீட்டுல ஆளில்ல. பொறவு அது நிக்காமப் போயிருச்சு."

முந்தானையை அவர் பக்கம் நீட்டினேன்.

"நீ தின்னு," என்றார்.

"நீங்களும் தின்னாத்தான்."

ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் இருவர் உதடும் ஒட்டிக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போகணும்?" என்று கேட்டபோது மதினி பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்து, முடியாமல், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு என் உதட்டைத் துடைத்துவிட்டார். அன்று ராத்திரி கஞ்சி குடித்தேன், அது வயிற்றில் நின்றது.

தை மாதம் மகள் பிறந்தாள். மதினி லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தார். நானும் மில் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, என் ஷிப்ட் நேரத்தில் தான் வீட்டில் இருக்கும்படி மதினி தன் ஷிப்டை மாற்றிக்கொண்டார். பிள்ளை தூங்கியது, தவழ்ந்தது எல்லாம் அவர் மடியைச் சுற்றித்தான்.

பேச்சு வந்தபோது அவள் "அம்மா" என்று முதலில் கூப்பிட்டது மதினியைத்தான். மதினி பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார்.

"கூப்பிடட்டும் மதினி," என்றேன்.

அவர் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அவள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.