வேன் காசு

ஈர வாழையிலையும் டீசலும் கலந்த வாடை ஒன்று உண்டு. அதை எங்கே முகர்ந்தாலும், உடனே எதையாவது செய்தாக வேண்டும், யாரையாவது கூப்பிட்டாக வேண்டும் என்று எனக்கு இன்றும் ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. அப்பாவின் வெள்ளை வேனில் அந்த வாடை இருக்கைத் துணிவரை ஏறியிருந்தது. தேக்கா உணவகங்களில் தொடங்கி மார்சிலிங் சாப்பாட்டுக் கடைகள்வரை விடியுமுன் இலைக்கட்டு போடுவது அவர் தொழில். "எனக்கு நானே தவுக்கே" என்பார். முதலாளி என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல்.

ஆனால் இந்த ஊரில் எந்த வண்டிக்கும் ஆயுள் பத்து வருடம்தான். அதற்குமேல் ஓட்ட "சிஓஇ" என்ற உரிமைச் சான்றிதழுக்கு மறுபடியும் பெரும்பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் உடைக்கப் போய்விடும்.

உயர்நிலைப் பள்ளியில் கணக்கியல் படிக்கத் தொடங்கிய அக்கா, பழகிப் பார்ப்பதற்காக அப்பாவின் வியாபாரத்துக்கே வருடக் கணக்கு எழுதினாள். வேன் வாங்கிய விலையைப் பத்தால் வகுத்து, வருடத்துக்கு ஒரு பங்கைத் தேய்மானம் என்று லாபத்திலிருந்து கழித்தாள். "பத்து வருஷம் முடியறப்ப வண்டியோட மொத்த விலையும் இந்த இடத்துல சேர்ந்துடும்பா" என்று அவள் விரல் வைத்துக் காட்ட, அப்பா பூரித்துப்போய் எங்கள் இருவருக்கும் ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். பாடப்புத்தகப்படி அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

அன்றுமுதல் அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டில் "வேன் காசு" என்று பெயர். வருடா வருடம் அக்காவின் கணக்குத் தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஏறும், அப்பா போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்துக்கொள்வார். சமையலறையை இடித்துக் கட்டினோம், சித்தப்பா மகள் கல்யாணத்துக்குத் தாராளமாகச் செய்தோம். அம்மா தயங்கினால் அப்பா, "வேன் காசுதான் தனியா இருக்கே, என்ன பயம் லா?" என்பார். அதை அம்மா எங்கோ போட்டுவைத்திருக்கிறார் என்று அப்பா நினைத்தார், அப்பாவின் கம்பெனிக் கணக்கில் கிடக்கிறது என்று அம்மா நினைத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒருநாளும் கேட்கவில்லை!

பத்தாவது வருடம் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மாதம் இருமுறை வரும் சிஓஇ ஏல முடிவுக்கு, என் பரீட்சை முடிவுக்கு இல்லாத மரியாதை இருந்தது. விலை ஏறியதே தவிர இறங்குவதாக இல்லை. அப்பா எங்கள் புக்கிட் மேரா அடுக்குமாடி நடைபாதையில் கோடிக்குக் கோடி நடப்பார், நின்று கீழே வண்டியைப் பார்ப்பார், மறுபடி நடப்பார். நானும் காரணமில்லாமல் பின்னாலேயே நடப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடையை நிறுத்திவிட்டு வந்து அக்காவிடம் கேட்டார்.

"சரிம்மா, அடுத்த வாரம் கட்டிடலாம். வேன் காசு எந்த பேங்க்ல இருக்கு?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அக்கா சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்பா, அது அடுத்த வண்டிக்குச் சேத்த காசு இல்லப்பா. இந்த வண்டிக்கு ஏற்கனவே குடுத்த காசு. அதைத்தான் வருஷா வருஷம் பிரிச்சு எழுதினேன்."

"அப்ப லாபத்துல கழிச்சியே, அது எங்கம்மா போச்சு?"

"மாசா மாசம் வண்டி லோன் கட்டினீங்களேப்பா, அதுலதான் போச்சு."

பத்து வருடத்துக்குப் பதிலாக ஐந்து வருடத்துக்குக் கட்டினால் பாதிதான் ஆகும், அந்தப் பாதியும் எங்களிடம் இல்லை. "எழுதினது கரெக்ட்தான்பா, கரெக்ட்தான்பா" என்று அக்கா அழுதுகொண்டே இருந்தாள். அப்பா திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

வேனை உள்ளும் புறமும் கழுவி, அவரே உடைப்பவரிடம் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, பேருந்தில் திரும்பி வந்தார். அடுத்த மாதம் துவாஸில் ஒரு கம்பெனிக்கு ஓட்டுநரானார். இன்னொருவர் பெயர் எழுதிய வண்டி, "அங்கிள், லேட் ஆச்சு லா" என்று அதட்டும் சின்னப் பையன் ஒருவன் மேற்பார்வையாளர். தவுக்கே என்ற சொல் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு புழங்கவில்லை.

முதல் சம்பளத்திலேயே ஒரு மைலோ டின்னில் நோட்டுகளைப் போட்டு மூடினார். மாதா மாதம் போட்டார். "வேனே இல்லயேப்பா, எதுக்குத் தேய்மானம்?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். அவர் டின்னை மூடி அலமாரியில் வைத்தார். டின் நிறைந்தால் பேங்கில் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார்.

இப்போது தேக்காவில் சில கடைகளில் இலை மாதிரி அச்சடித்த காகிதத்தில் சோறு போடுகிறார்கள். நான் இன்றும் சாலையில் எந்த வேனைக் கண்டாலும் நம்பர் பிளேட்டை வைத்து அதன் வயதைக் கணக்கிட்டுக்கொண்டு நடக்கிறேன். அக்கா கணக்குத் தணிக்கையாளர். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இலைக்கட்டு தூக்கியே தேய்ந்துபோன முழங்காலுக்குச் சென்ற மாதம் மூட்டு மாற்று அறுவைசிகிச்சை. நாங்கள் இருவரும் பணத்தோடு போய் நின்றோம். அவர் வாங்கவில்லை, எல்லாவற்றையும் டின்னில் சேர்ந்த அந்த வேன் காசிலிருந்தே கட்டினார்.

மருத்துவர் விடைகொடுக்கும்போது அப்பா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த மூட்டு எத்தன வருஷம் ஓடும், டாக்டர்?"

"நல்லா பாத்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் ஓடும், அங்கிள்."

வீடு திரும்பும் டாக்சியில் அப்பா செலவுச் சீட்டை அக்காவிடம் நீட்டினார். "பதினஞ்சால வகும்மா. வர்ற மாசத்துலேந்து டின்னுல போடணும்."

அக்கா கைப்பேசியை எடுத்தாள். எண்களைச் சரியாக அழுத்த அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.