மாமன் மச்சான் ஓட்டல்

ஓட்டல் தொழிலில் குப்பை கொட்டியவர்களே, அடுப்புப் புகையைக்கூடத் தாங்கிவிடலாம், முதலாளியின் சொந்தக்காரர்களைத் தாங்க முடியாது. எழுபத்தெட்டில் நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டு ஓட்டலில் நான் மேனேஜர். சமையல், சப்ளை, இலை எடுப்பது வரை எல்லாமே முதலாளியின் மாமன் மச்சான்கள். "நம்ம ஆளுங்கன்னாத்தானுங்க நம்பிக்கை" என்பார்.

மரியாதை

சப்ளை செய்தவர் முதலாளிக்குப் பெரிய மச்சான். அவரை வேலை வாங்க எனக்குத் தைரியமில்லை. முதலாளிக்கே இல்லை. ஒரு லாரி டிரைவர் ரசம் கேட்டார். மச்சான் உட்கார்ந்தபடியே வாளி இருக்கும் திசையைக் கைகாட்டினார். டிரைவர் எழுந்துபோய் ஊற்றிக்கொண்டு வந்து பணிவாகக் கேட்டார்: "உங்களுக்கும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

முகூர்த்தம்

அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணம் என்றால் பதினோரு வேலையாட்களும் கிளம்பிவிடுவார்கள். ஓர் ஆவணியில் மட்டும் நாலு தடவை கடையைப் பூட்டினேன். பக்கத்து ஓட்டல்காரர் முதலாளி வீட்டுப் பெண்களுக்கு வரன் அமைய வேண்டிக்கொண்டிருப்பார். பூட்டின் முன்னால் நின்ற வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, உங்க முதலாளி ஊட்டுல இன்னும் எத்தனை கல்யாணமுங்க பாக்கி? நாள் சொன்னா நாங்க கட்டுச்சோறு கொண்டாந்துக்கறோம்."

வெளியாட்கள்

கூட்டம் பக்கத்து ஓட்டலுக்குப் போன பிறகுதான் முதலாளி வெளியாட்களை வைக்க இறங்கி வந்தார். சமையலுக்குச் சேலத்திலிருந்து காசிம் பாயையும், சப்ளைக்கு மல்லசமுத்திரத்திலிருந்து பாவாயியம்மாவையும் கொண்டுவந்தேன். கூடவே அவர்களுக்குத் தெரிந்த நாலு பேர். "எங்க ஊரு மாரியம்மன் நோம்பி மூணு நாளும் கடை ஓடோணும். இல்லீன்னா அவங்களோட நீங்களும் கெளம்பீருங்க" என்றார் முதலாளி. எனக்கு அப்போது இரண்டாவது பெண் பிறந்து ஒரு மாதம்.

முதல் நாளே ஒரு பெரியவர், பொம்பளை பரிமாறினால் ஆம்பளை எப்படிச் சாப்பிடுவது என்று முறைத்தார். பாவாயியம்மா சோற்றை வைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க ஊட்டுல ஆருங்க போடறது?"

நோம்பி

சொந்தங்கள் மொத்தமும் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். பாய்க்கு அது பண்டிகை இல்லை. பாவாயியம்மா ஊர் நோம்பி வேறு மாதம். மூன்று நாளும் கடையில் உட்கார இடமில்லை.

நான்காம் நாள் திரும்பி வந்த மச்சான்கள், பாய் வைத்த குழம்பை இரண்டு தரம் வாங்கி ஊற்றிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, வெளியாட்களை உடனே அனுப்பச் சொன்னார்கள். முதலாளி சொன்னார்: "இவங்களை அனுப்பீட்டா அடுத்த கல்யாணத்துக்கு நம்ம எல்லாரும் எப்படீங்க மச்சான் போறது?"

அதன்பின் கடையை ஒரு நாளும் பூட்டவில்லை. அந்தப் பெருமை, முதலாளி ஊரெல்லாம் சொன்னபடி, கல்யாணம் கல்யாணமாகப் போய்க்கொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கே.