தாள் சுற்றிய மிட்டாய்

மிட்டாய்த் தாள் கசங்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தை மிட்டாய் பிரித்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குழந்தை என்ன செய்யும், பாவம். என் கோபம் அதன்மேல் இல்லை.

பாகூர் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஊர் வேறு, நாங்கள் இருந்த காலனி வேறு. நடுவில் கரும்புக் கொல்லை. எழுபதுகளில் அந்தக் கொல்லை ஓரமாக அரசாங்கம் ஒரு பால்வாடி கட்டியது. அம்மாக்கள் களையெடுக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுப்போவார்கள். ஊர்ப் பிள்ளைகளும் வரும், நாங்களும் போவோம். கோதுமை உப்புமாவும் பவுடர் பாலும் கிடைக்கும். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன டீச்சரம்மா, பிறந்தநாள் கொண்டாடும் டவுன் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் மேரியில், அதாவது கொம்யூன் ஆபீசில், போய்ப் பதிந்துவிட வேண்டும். அதனால் கூழுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பிறந்த தேதி மட்டும் சுத்தமாக இருக்கும். அன்றைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் எல்லோருக்கும் தின்பண்டம் கொடுக்க வேண்டும்.

பெரிய வீட்டுப் பையனின் பிறந்தநாளுக்குக் குண்டான் நிறையக் கேசரி வந்தது. அவன் அம்மாவே வாழையிலைத் துண்டுகளில் கையால் எடுத்து வைத்தாள். காலனிப் பிள்ளைகள் எங்களிடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டாள். எனக்குப் போட்டது இலையில் விழாமல் பாவாடையில் விழுந்தது. அந்த அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாவாடையிலிருந்து வழித்துத் தின்றேன். நல்ல நெய்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. என் பிறந்தநாளுக்கு அம்மாவின் சிமிலிதான். கேழ்வரகு அடை சுட்டு, அது சூடாக இருக்கும்போதே வெல்லமும் வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் போட்டு உரலில் இடித்து உருண்டை பிடிப்பாள். அவள் கை பட்டால் அதற்கு ஒரு தனி ருசி வரும். நான் பால்வாடி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். என் பக்கத்தில் உட்காரும் சிவப்புக்கல் தோட்டுக்காரி, ஊர்ப் பெண், "எனக்கு ரெண்டுடி" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னால், முறத்தைக்கூடக் கீழே வைக்காமல் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"அங்க அதெல்லாம் வாணாம்."

"ஏன்?"

"பல்லுல ஒட்டிக்கும்."

தாம் தூம் என்று குதித்தேன். மண்ணில் புரண்டேன். பெரிய வீட்டுக் கேசரி மட்டும் பல்லில் ஒட்டாதா என்று கேட்டேன். அப்பா பீடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "சரி, பாய் கடையில ஆரஞ்சு மிட்டாய் வாங்கியாரேன்" என்றார். சுளை சுளையாகப் பாட்டிலில் கிடக்குமே, அது. அம்மா அதற்கும் ஒப்பவில்லை.

"அது வாணாம். தாள் சுத்தினதா பாத்து வாங்கியா."

தாள் சுற்றியது விலை கூட, எண்ணிக்கையும் குறைச்சல். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ருசியில்லாத பண்டத்துக்குக் காகிதச் சட்டை போட்டால் ருசி வந்துவிடுமா? அன்று இரவு சாப்பிடாமலே படுத்தேன். யாரும் என்னைக் கெஞ்சவும் இல்லை.

காலையில் புதுப் பாவாடை கட்டிவிட்டுப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தபோது அம்மா என் முகவாயைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீ கையால எடுத்து எடுத்துக் குடுக்காத. பொட்டலத்தோட டீச்சரம்மாகிட்ட குடுத்துடு. அவங்க குடுக்கட்டும். இன்னா, வெளங்குச்சா?"

அதுவும் போச்சா! பண்டம்தான் என் இஷ்டமில்லை, கொடுப்பதுகூட நான் இல்லையா? உர்ரென்று போய் டீச்சரம்மாவிடம் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மிட்டாய்களை ஒரு தட்டில் கொட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறந்தநாள் பாப்பாதான் கொடுக்க வேண்டுமாம். கொஞ்ச நேரம் இரு, பாட்டு முடியட்டும் என்றார்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். மிட்டாயைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாளின்மேல்தான் வெறுப்பு வந்தது. இதைப் போய்ச் சின்னப் பிள்ளைகள் எப்படிப் பிரிக்கும்? பெரிய வீட்டுக் கேசரிக்குத் தாள் இருந்ததா? ஒவ்வொன்றாக எடுத்து, பல்லால் கடித்து இழுத்து, தாளை உரித்துப் போட்டேன். ஒன்று விடாமல் உரித்தேன். தட்டு நிறைய மிட்டாய் பளபளவென்று கிடந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பாட்டு முடிந்ததும் நேராகச் சிவப்புக்கல் தோட்டுக்காரியிடம் போய் முதல் மிட்டாயை என் கையாலேயே அவள் வாயில் போட்டேன்.

"அடிப்பாவி! இன்னாடி பண்ற? துப்புடி, துப்பு!"

பால் குண்டானோடு வந்த சமையல்காரம்மா அதை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவள் ஊர்க்காரி. தோட்டுக்காரியின் வாய்க்குள் விரலை விட்டு மிட்டாயை நோண்டி எடுத்தாள். அந்தப் பெண் வீல் என்று கத்தியது. அதை இழுத்துப் போய் வாய் கொப்பளிக்க வைத்தாள்.

"டீச்சர், பாத்துக்கினு சொம்மா நிக்கிறீங்களே! இந்தப் புள்ள எச்சி பண்ணிக் குடுத்தத துன்னுச்சுன்னு வூட்டுல தெரிஞ்சா நாளைக்கு ஒரு புள்ள இங்க வராது. பொழப்ப பாக்கணுமா வாணாமா?"

டீச்சரம்மா என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் கொட்டினார். கோழிகள் ஓடிவந்தன. திரும்பி வந்து என் தலையைத் தடவி, "எறும்பு மொய்ச்சிடுச்சும்மா, அதான்" என்றார். என் கண்ணில் ஒரு எறும்பும் படவில்லை. ஆனாலும் டீச்சரம்மா சொன்னால் இருக்கும் என்று நம்பினேன்.

அந்தச் சமையல்காரியையாவது விட்டுத்தள்ளலாம். மனசில் இருந்த அழுக்கை வாயால் கொட்டினாள். எச்சிலாம் எச்சில்! பெரிய வீட்டுப் பையன் பாதி கடித்துக் கொடுத்த கொய்யாவைப் பிள்ளைகள் பிடுங்கித் தின்றபோது அவள் வாய் எங்கே போயிருந்தது? ஆனால் அந்த டீச்சரம்மா! நாலெழுத்து படித்து, நாகரிகம் சொல்லிக்கொடுக்க வந்து, ஒரு பாவமும் அறியாத எறும்பின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனாரே, அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க எனக்கு வயது வந்தபோது அவர் எங்கேயோ மாற்றலாகிப் போயிருந்தார்.

சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்த அம்மாமேல் பாய்ந்தேன். கையில் கிடைத்த இடமெல்லாம் அடித்தேன்.

"எல்லாம் உன்னாலதான்! பாய் கடை மிட்டாய்ல எறும்பு. கொட்டிட்டாங்க. சிமிலி குடுத்திருந்தா கொட்டியிருப்பாங்களா?"

தோட்டுக்காரியின் வாயை நோண்டியதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவிட்டுச் சும்மா நின்றாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தாள யாருடி பிரிச்சது?"

"நான்தான்."

அப்பா எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டாள். "எங்க போற? நாளைக்கு அவங்க கரும்பத்தான வெட்டணும்? உக்காரு" என்றாள். அப்பா மடித்துக் கட்டிய லுங்கியை அவிழ்த்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அடுப்பு மூட்டி அடை சுட்டாள். வெல்லத்தைத் தட்டினாள். உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய்க் குந்தினேன். கடலை, எள், அடை எல்லாம் ஒன்றாகக் குழைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "இன்னாடி, மாவு இடிக்கிறியா, எவன் மண்டையையாவது ஒடைக்கிறியா?" என்று சிரித்தாள். அம்மா இன்னும் ஓங்கி இடித்தாள்.

அப்பாடா, ஒரு வழியாக என் பேச்சைக் கேட்டாளே என்று எனக்குக் குஷி. உருண்டை பிடித்து அத்தனையும் என் மடியில் வைத்தாள். கேட்காமலே!

"துன்னுடி. எல்லாம் ஒனக்குத்தான்."

"நாளைக்குப் பால்வாடிக்கு ரெண்டு எடுத்துக்கினு போவட்டா? அவ ரெண்டு கேட்டா."

"ஒண்ணுகூடக் குடுக்கக் கூடாது. ஒருத்திக்கும் கெடையாது. குடுத்தன்னு தெரிஞ்சுது, கைய ஒடச்சுடுவேன்."

அம்மாவின் கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

மறுநாள் தோட்டுக்காரியை என் பக்கத்திலிருந்து எடுத்து எதிர்ச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்தே இரண்டு விரலைக் காட்டி, எங்கே என்று சைகையில் கேட்டாள். எனக்கு அவமானமாகிவிட்டது. எல்லோர் காதிலும் விழும்படி இங்கிருந்தே கத்தினேன்.

"எங்கம்மா சரியான கஞ்சம்டி! குடுக்கவே கூடாதுன்னுடுச்சு!"

டம்ளர்களில் பால் ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.