பதினேழாவது போர்டு

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எனக்குச் சொந்தமில்லை. அதன் மேல் இருபத்துநான்கு சீட்டுக்கட்டு, இருபத்துநான்கு பிளாஸ்டிக் போர்டு, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். அத்தனைக்கும் முன்னால் என் வீட்டுக்காரர். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். "ஒரு ஓரமா இடம் விடுங்களேன்" என்று ஆறு வருஷமாகக் கேட்கிறேன். "அந்த ஓரத்துலதான்மா மேற்கு இருக்கு" என்பார்.

இவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அளவு பார்த்துத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது. இருபத்தெட்டு வருஷத்தில் கால் பவர் பிசகியதில்லை என்று முதலாளியே சொல்வார். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். சுவரில் காலண்டர் மாட்டினால்கூட ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மனுஷன். நானோ பஸ் டிப்போவில் டைம் கீப்பர், டிரைவர்களிடம் கத்திக் கத்தித் தொண்டை தடித்தவள். எங்களை எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைத்தது பிரிட்ஜ் ஆட்டம்தான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஜோடியாக ஆடினோம். வீட்டில் போடாத சண்டையை எல்லாம் கிளப்பில் போட்டோம்.

கிளப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே நீளமாக ஓர் அறை, ஏழு மேசை, வியாழக்கிழமை நாலரை மணிக்கு இருபத்தெட்டுப் பேர். நாங்கள் ஆடுவது டூப்ளிகேட் வகை. அதாவது, ஒரு மேசைக்கு நாலு திசையில் நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி; நாலு பேர் சீட்டுக்கும் நாலு அறை உள்ள போர்டில் அடுக்கி வைத்த சீட்டுகள் மேசை மேசையாகப் போகும். முதல் மேசையில் வடக்கே உட்கார்ந்தவருக்கு வந்த அதே பதின்மூன்று சீட்டுதான் ஏழாவது மேசை வடக்குக்கும் வரும். எனக்குச் சீட்டே வரவில்லை என்று யாரும் மூக்கைச் சிந்த முடியாது. அதே கையை வைத்துக்கொண்டு அடுத்தவர் என்ன கிழித்தார், நீ என்ன கிழித்தாய் என்பதற்குத்தான் மதிப்பெண்.

முன்பெல்லாம் நாங்களே கலைப்போம். பாதிப் பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டே இரண்டு தட்டுத் தட்டி வைத்துவிடுவார்கள். செயலாளராக இருக்கும் பல் டாக்டருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மென்பொருள் வாங்கி வந்தார். கம்ப்யூட்டர் கலைத்துக் கொடுக்கும், எந்த போர்டில் யாருக்கு என்ன சீட்டு என்று அச்சடித்துக் கொடுக்கும். யாராவது அதைப் பார்த்து போர்டுகளில் சீட்டை அடுக்க வேண்டும். அடுக்குகிறவர் எல்லாக் கையையும் பார்த்துவிடுவார், ஆகவே அவர் ஆட முடியாது. "யார் செய்றீங்க?" என்று டாக்டர் கேட்டதும் அறையில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்காமல் போனது. இவர் கையைத் தூக்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றோடு என் ஜோடி போச்சு. டாக்டரே பாவம் பார்த்து என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு இவருக்குக் கிடைத்ததெல்லாம் வசவுதான். கையால் கலைத்த காலத்தில் சீட்டுகள் சாதுவாக வரும். கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கலைக்கவும் ஒருவரிடம் ஏழு ஸ்பேட், இன்னொருவரிடம் ஒரு ஆட்டின்கூட இல்லை என்று வர ஆரம்பித்தது. "உங்க கம்ப்யூட்டருக்கு எங்க மேல என்ன கோவம்?" என்று வாரம் ஒருவர் கேட்பார். இவர் சண்டைக்குப் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப்போக, இருபத்துநான்கு போர்டின் சீட்டுகளையும் அச்சடித்த தாள் ஒன்று கொடுப்பார். அதன் அடியில் ஒரு வரி சேர்த்தார்: "கலைத்தது கணினி. முதலில் வந்ததையே எடுத்தேன். எதையும் மாற்றவில்லை." கீழே கையெழுத்து. முப்பது தாளிலும் பேனாவால் போடுவார். ஜெராக்ஸ் எடுக்கலாமே என்றால், கையெழுத்து என்றால் கையால் எழுதுவது என்பார். மெதுவாக எல்லோரும் அந்த வரியை நம்பினார்கள். வசவு நின்றது.

இனி டைப்பிஸ்ட் அக்கா. பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல், முழங்கால் வலி. வடக்கில் உட்கார்ந்தால் மேசை மாற வேண்டாம் என்பதால் மூன்றாவது மேசை வடக்கு நாற்காலி எப்போதும் அவருக்குத்தான். வரும் தாளை எல்லாம் பென்சிலால் திருத்துவார். தப்பில்லாத தாளைப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும் அவருக்கு. நாற்பது வருஷமாக ஆடுகிறார், ஆனால் ஏழு கேட்டு அடித்ததில்லை. பதின்மூன்று சுற்றையும் நாங்களே எடுப்போம் என்று சொல்லி, சொன்னபடி எடுப்பதுதான் ஏழு. ஒரு சுற்றுக் குறைந்தாலும் எல்லாம் போச்சு. "அதை ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒருநாள் கடையில் அவர் இவரிடம் சொல்லியிருக்கிறார். "தம்பி, இதுக்கு மேல கண்ணாடி மாத்திப் பிரயோஜனம் இல்லைன்னு கண் டாக்டர் சொல்லிட்டார். நடுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம். கிளப்புல மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா பாவம்னு விட்டுக்கொடுத்து ஆடுவாங்க." இவர் எனக்குக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தது அந்த வியாழக்கிழமைதான். ஆனால் வரிசைப்படி சொன்னால்தான் புரியும்.

அந்தப் புதன்கிழமை இவர் வழக்கம்போல் இருபத்துநான்கு போர்டைக் கலைத்து எடுத்தார். பிறகு பதினேழாவதை மட்டும் அழித்தார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. இன்ன மாதிரி கை வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அப்படியே செய்து தரும். வடக்குக்கு நீளமான ஸ்பேட், வடக்கு தெற்கு இருவருமாகச் சேர்ந்து பதின்மூன்று சுற்று. பொத்தானை அழுத்தினார். அடியில் இருந்த வரியை எடுத்துவிட்டார். கையெழுத்தும் போடவில்லை. பொய்யில் கையெழுத்துப் போட அவருக்கு வராது. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியாது.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டிருக்கிறார். ஏழு மேசை வடக்குக்கும் அதே கைதானே. அது சரிதான். ஆனால் மறுநாள் காலில் கட்டுப் போட்ட ஒருவர் புதிதாக ஆட வந்தார். அக்கா தன் நாற்காலியைக் காட்டி, "நீங்க உக்காருங்க, என் முட்டியைவிட உங்க கால் மோசம்" என்று சொல்லிவிட்டு, தன் ஜோடியோடு கிழக்கு மேற்குப் பக்கம் போய்விட்டார். சுவரோரம் நின்ற இவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று என் இடம் ஐந்தாவது மேசை வடக்கு. பதினேழாவது போர்டு என் மேசைக்கு வந்தபோது என் இடப்பக்கம் கிழக்கில் வந்து உட்கார்ந்தவர் டைப்பிஸ்ட் அக்கா. நான் சீட்டை விரித்தேன். எட்டு ஸ்பேட், ஏஸ், ராஜா, ராணி மூன்றும் என்னிடம். டாக்டரிடம் மற்ற ஏஸ்கள் இருக்கின்றனவா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஏழு கேட்டேன். பதின்மூன்றும் வந்தன. அக்கா ஒவ்வொரு சீட்டையும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கடைசியில் என் கையைத் தட்டி, "ரொம்ப நல்லா கேட்டீங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் பக்கம் திரும்பி ஏழு விரலைக் காட்டினேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற ஆறு மேசையிலும் ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள். நாங்கள்தான் முதலிடம்.

தாள்களைக் கொடுத்தார். அக்கா வழக்கம்போல் பென்சிலை எடுத்தார். சின்ன எழுத்தைப் படிக்க அவருக்குச் சிரமம்தான், ஆனால் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருப்பது தெரிய அவ்வளவு கண் தேவையில்லை.

"தம்பி, கையெழுத்தைக் காணோமே?"

மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. பேனாவை நீட்டியிருப்பார்கள்.

"போடலக்கா. பதினேழாவது போர்டு தானா வந்ததில்ல. நான் செஞ்சது" என்றார் இவர்.

"எதுக்கு?" என்று டாக்டர் கேட்டார். இவர் பேசவில்லை. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மெல்ல மெல்ல எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. திரும்பாமல் என்ன செய்யும்? செய்தவர் என் புருஷன், அதில் ஏழு கேட்டது நான் ஒருத்தி. டாக்டர்கூடத் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வாயைத் திறந்து சொல்லுங்களேன். நான் சொல்லியா செஞ்சீங்க?" என்று கத்தினேன். "இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த நிமிஷம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "அவங்களைப் பாக்காதீங்க. அது எனக்காகச் செஞ்சது. என் நாற்காலி மாறிப்போச்சு, அவ்வளவுதான்." பிறகு, சாதாரணமாகக் கடைக்குப் போன கதையைச் சொல்வதுபோல், "எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு. இந்தத் தம்பிக்கு மட்டும்தான் தெரியும். சொல்லக் கூடாதுன்னு நான் சொன்னதால நிக்குது இப்படி" என்றார்.

அக்கா இவரைப் பார்த்து, அதாவது இவருக்கு ஒரு சாண் பக்கத்தில் பார்த்து, "நாப்பது வருஷமா நான் காத்திருந்தது நிஜமா வர்ற ஏழுக்கு. நீங்க செஞ்சு வெச்சதை அடிச்சிருந்தா சந்தோஷமாதான் வீட்டுக்குப் போயிருப்பேன். அதான் தம்பி எனக்குக் கோவம்" என்றார்.

"தப்புதான்க்கா" என்றார் இவர். கண் கலங்கியிருந்தது.

பதினேழை ரத்து செய்தார்கள். நாங்கள் மூன்றாம் இடத்துக்கு இறங்கினோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் ஏழு போனதில் எனக்கு வருத்தம்தான். வீட்டுக்கு வந்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஊரே என்னைச் சந்தேகித்தபோதும் அடுத்தவர் ரகசியத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதை நினைக்க நினைக்கக் கோபம் கரைந்துபோனது. மறுநாள் காலை நானே காபி போட்டு நீட்டினேன்.

இவர் பொறுப்பை விட்டு விலகினார். அடுத்த வாரம் டாக்டரே அடுக்கினார். நாலாவது போர்டில் வடக்குக்குப் பதினாலு சீட்டு, தெற்குக்குப் பன்னிரண்டு. ஒன்பதாவதில் ஒரே ஸ்பேட் ராணி இரண்டு பேரிடம் இருந்தாள். பல் பிடுங்குகிற கைக்கு இது வராது என்று எல்லோரும் சொல்லி, இவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னவர் டைப்பிஸ்ட் அக்கா. அவர் அன்று ஆட வரவில்லை, போனில்தான் சொன்னார். இனி வருவதாகவும் இல்லை. ஆட்டினையும் டைமனையும் மாற்றிப் போட்டு மற்றவர்களின் ஆட்டத்தைக் கெடுக்க விருப்பமில்லையாம்.

இவர் ஞாயிற்றுக்கிழமை ஐந்து தாளோடு அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு கையையும் தனியாக, வேண்டிய அளவு எழுத்தில் அச்சடிக்கிற வசதியும் அந்த மென்பொருளில் இருக்கிறது. ஐந்து தாளிலும் ஒரே கை, ஐந்து அளவு எழுத்து. கடையில் செய்வதுபோலவே ஒன்றை மாற்றி ஒன்றாகக் காட்டினார். "இது தெரியுதா? இதைவிட இது பரவாயில்லையா?" மூன்றாவதை அக்கா படித்தார். ஸ்பேட் ராஜாவில் தொடங்கி கிளாவர் மூன்று வரைக்கும் ஒரு சீட்டு விடாமல் படித்தார். படித்து முடித்துவிட்டு, "இவ்வளவு மோசமான கைக்கு நான் எதுவும் கேக்க வாயையே திறக்க மாட்டேன்" என்றார்.

இப்போது வடக்கின் ஒவ்வொரு கைக்கும் மடித்த தாள் ஒன்று போர்டோடு போகிறது. அக்கா திரும்ப வந்து உட்காரும் மூன்றாவது மேசையில் மட்டும் அதைப் பிரிப்பார்கள். அந்த மேசையில் யார் எந்தச் சீட்டைப் போட்டாலும் அதன் பெயரை வாயால் சொல்ல வேண்டும். பாவம் பார்த்து யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. போன மாதம் அக்கா ஆறு கேட்டு ஒரு சுற்றில் விட்டார். அன்று அவருக்கு எதிர்ப்பக்கம் கிழக்கில் ஆடிய என்னால்தான். எனக்கு அதில் பெருமை உண்டு.

ஏழு இன்னும் வரவில்லை. புதன்கிழமைகளில் இவர் முதலில் வருவதைத்தான் எடுக்கிறார், முப்பது தாளிலும் கையெழுத்துப் போடுகிறார். வடக்கின் கைகளை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறார். அடுப்படியிலிருந்து நான் அதைப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தாளில் அக்காவுக்கான நாலு கையை அச்சடித்து வெட்டிக்கொள்ள முடிந்தது. பிறகு, எழுத்து பெரிதாகப் பெரிதாக, இரண்டு. இப்போது ஒரு கைக்கு ஒரு தாள் ஆகிவிட்டது. நேற்று கடையிலிருந்து வரும்போது அதைப்போல இரண்டு மடங்கு பெரிய தாளில் ஒரு கட்டு வாங்கி வந்தார்.

"இது நம்ம பிரிண்டர்ல நுழையாதேங்க."

"இப்ப வேண்டாம்மா. அப்புறம் வேணும்" என்றார். கட்டைப் பிரிக்காமல் பீரோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, முதல் போர்டை அடுக்க உட்கார்ந்தார்.